வள்ளி பேசிய பாஷை

தெல்தெனிய என்ற பெயரில் 'தெனிய' இன்னும் இருக்கிறது. வயல்தான் இல்லை. சிங்களத்தில் தெனிய என்றால் இரண்டு மேடுகளுக்கு இடையில் இறங்கிக் கிடக்கும் நெல்வயல். அந்தப் பள்ளம் 1985 முதல் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. பழைய டவுனும் அதோடு போயிற்று. மேட்டில் புது டவுன் கட்டி, பழைய பெயரையே தூக்கிவந்து பலகையில் எழுதினார்கள். மழை பொய்த்து நீர் வெகுவாக இறங்கும் வருடங்களில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். அப்போது கண்டியிலிருந்து வான் பிடித்து வந்து படம் எடுப்பார்கள். கடலை விற்பவரும் வந்துவிடுவார்.

நான் இந்தப் பக்கத்து மலையில் பிறந்தவன். லயத்தில் வளர்ந்து, பிறகு தமிழ் வாத்தியாராக வயிறு வளர்த்தவன். சொல்லைப் பற்றிக் கவலைப்படுவது எனக்குத் தொழிலால் வந்த வியாதி. அண்மையில் எத்துலோ என்றொரு மொழியைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. நைஜீரியாவில், பெனுவே மாநிலத்துக் கட்சினா-அலா ஆற்றின் கரைகளில் பேசப்படுவது. மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் அவர்கள் தொழில். ஒரே அசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். சுற்றிலும் திவ் மொழி, அதைப் பேசுவோர் பல இலட்சம் பேர். எத்துலோ பிள்ளை சந்தைக்குப் போனால் திவ் வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும். எத்துலோ வீட்டுக்கு மட்டும் மிச்சம். வெளியார் அவர்களை உத்தூர் என்றும் துருமாவா என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். தாங்கள் எத்துலோ என்று அவர்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாசித்துக்கொண்டு போகையில் நைஜீரியா என் கண்முன் வரவில்லை. ஹுன்னஸ்கிரிய தாண்டி, உடதும்பறை தாண்டி, பதினெட்டு வளைவில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு மஹியங்கனைக்கு இறங்கும் எங்கள் பாதைதான் வந்தது. தெல்தெனியவிலிருந்து ஐம்பது கிலோமீற்றர், கொஞ்சம் கூடக் குறைய. அதற்கும் அப்பால் தம்பானை. வேடர்களின் ஊர். அவர்களும் தங்களை வேடர் என்று சொல்லிக்கொள்வதில்லை. வன்னியல எத்தோ, காட்டில் இருக்கிற ஆட்கள், என்கிறார்கள்.

இந்தப் பாதை பழைய பாதை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் இந்தப் பாதையில்தான், மெதமகாநுவரவை ஒட்டிய ஒரு வீட்டில், பிடிபட்டான். மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்தவன். அவனை வேலூருக்கு நாடுகடத்தினார்கள், 1832இல் அங்கேயே இறந்தான். அவனைத் தேடி வந்தவர்களில் யார் எந்த மொழியில் கூவினார்களோ. சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் மூச்சிரைத்த நாள் அது. மலைக்கு அந்தப்பக்கம் இருந்த பாஷையை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வேடர் மொழி என்று ஒன்று உண்டா என்பதே நெடுநாள் வழக்கு. கண்டி இராச்சியத்தில் 19 வருடம் கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வந்த தன் நூலில், இவர்கள் பேசுவது சிங்களமே என்று எழுதினார். 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதி, கலப்பில்லாத வேடர் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கண்டார்கள். போகிற ஒவ்வொருவரும் கடைசி வண்டியைப் பிடித்த பெருமையோடு திரும்புகிறார்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேலாகச் சாவு அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் மொழி இது. செத்தவன் எழுந்து வந்து தேன் விற்கிறான், என்ன செய்வது?

இலக்கணம் பார்த்தவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசினார்கள். எம். டபிள்யூ. சுகதபால டி சில்வாவின் நூல் 1972இல் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்து கே. என். ஓ. தர்மதாச 1974இல் எழுதிய கட்டுரையில், இது ஒரு ஆதி மொழி சிங்களத்தோடு நெடுங்காலம் புழங்கியதில் பிறந்த கலப்பு மொழி என்று வாதிட்டார். சிங்களத்தின் திரிபு என்றால் எங்கே தேய வேண்டுமோ அங்கே தேயவில்லை, வேறு மாதிரித் தேய்ந்திருக்கிறது. 'ச'வும் 'ஜ'வும் வாயில் நிறைய உருளும். உயிரில்லாத பொருட்களின் பெயரோடு 'பொஜ்ஜ' என்பது போல ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். கோடரிக்கு கல்ரக்கி என்று பெயர். இரும்புக் கோடரிதான், பெயரின் முன்பாதியில் கல் இருக்கிறது. கல்லில் ஆயுதம் செதுக்கிய காலத்தின் மிச்சம் என்று ஊகிப்பவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தவை மூன்று.

'நான்' என்பதற்கு மே எத்தோ. 'இந்த ஆள்' என்பது போல. எங்கள் லயத்துக் கிழவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது 'இந்தக் கட்டை எத்தினி நாளைக்கு' என்பார்களே, ஏறக்குறைய அந்த ஒதுக்கம். 'நீ' என்பதற்கு தோப்பன். ஒருவரானாலும் பலரானாலும், அரசாங்க அதிபரானாலும் மருமகனானாலும் தோப்பன்தான். தமிழ்க் காதுக்கு இது தகப்பனாக விழும். தொடர்பு எதுவும் இல்லை, வெறும் ஒலி ஒற்றுமை. ஆனாலும் எதிரில் வருகிறவனையெல்லாம் தோப்பன் என்று கூப்பிடும் ஒரு சனத்தை நினைத்தால் வாத்தியார் மனசுக்கு ஒரு சந்தோசம். நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நாம் படிக்கட்டு வைத்திருக்கிறோம். சிங்களத்திலும் அப்படியே, நம்மைவிட ஒரு படி கூடவே இருக்கலாம். தோட்டத்தில் எங்கள் தாத்தா தொரையின் முன்னால் நின்றபோது எந்தப் படியில் நிற்பது என்றே வார்த்தை தேட வேண்டியிருந்தது. மூன்றாவது, 'கொடுய்'. சிங்களத்தில் இல்லை, அல்ல, வேண்டாம், முடியாது என்பவற்றுக்குத் தனித்தனிச் சொல் உண்டு. வேடர் மொழி எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றை வைத்துச் சமாளிக்கிறது. கொடுய் என்றால் மறுப்பு. அவர்கள் காலங்காலமாக கொடுய் என்று சொல்ல, கேட்டவர்கள் காதில் கொடு என்று விழுந்திருக்கிறது போலும்.

கேட்டு வாங்கியவற்றில் பெரியது காடு. 1983 நவம்பரில் மதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் ஆயிற்று. அதுவரை தேனெடுக்கப் போனவர் அதன்பிறகு அத்துமீறி நுழைந்தவர் ஆனார். வேட்டைக்குப் போனவர் குற்றவாளி. மூத்த தலைவர் திசாஹாமி வெளியேற மறுத்துத் தம்பானையிலேயே இருந்து 1998இல் இறந்தார். மகன் ஊருவரிகே வன்னில எத்தோ ஜெனீவா வரை போய் இதைப் பேசினார். காடு திரும்பவில்லை.

இந்தப் பூங்காவும் எங்கள் தெனியவை விழுங்கிய அணையும் வேறுவேறு கதை இல்லை. இரண்டும் துரித மகாவலித் திட்டத்தின் பிள்ளைகள். விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம், 210 மெகாவாட் மின்சாரம். 1978இல் வேலை தொடங்கி 1985 ஏப்ரலில் திறந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் லைட் வந்தது, நன்றி கெட்டுப் பேசக்கூடாது. தெல்தெனியப் பள்ளத்தில் வயல் இழந்தவர்களில் கொஞ்சப் பேருக்கு இங்கேயே மேட்டில் காணி கிடைத்தது. மற்றவர்களை மலைக்கு அந்தப்பக்கம், மஹியங்கனையை ஒட்டிய 'சி' வலயத்துக்கு அனுப்பினார்கள். அந்த 'சி' வலயம் காட்டை வெட்டி உண்டாக்கியது. காட்டிலிருந்து எழுப்பிய வேடர் குடும்பங்களையும் அதே வலயத்தில் ஹெனானிகலவில் குடியேற்றினார்கள். தண்ணீர் துரத்திய ஆளும் தண்ணீருக்காகத் துரத்தப்பட்ட ஆளும் ஒரே வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்சும்படி ஆயிற்று.

பிள்ளைகளோடு இருக்கத் தெல்தெனியவுக்குத் திரும்பிவந்த ஒரு சீயாவோடு டவுன் தேத்தண்ணிக் கடையில் பேச்சு வளர்ந்தது. அங்கே வேடர்களோடு பழகியிருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"பழகாம? பக்கத்து வயல்தானே. ஆரம்பத்துல அவங்களுக்குள்ள ஒரு மாதிரிப் பேசிக்குவாங்க. எங்களுக்கு விளங்காது மாத்தயா."

"பிறகு?"

"பிறகு ஏர், நாற்று, உரம், வங்கி. அதுக்கெல்லாம் அவங்ககிட்ட பேச்சு இல்லையே. எங்க பேச்சுத்தான்."

மொழியியலாளர்கள் நீட்டி எழுதுவதை சீயா ஒரு பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். நான் கூட்டுவது கொஞ்சம்தான். சொற்கள் ஞாபகக் குறைவால் சாவதில்லை, வேலையில்லாமல் சாகின்றன. தேன்கூட்டில் எத்தனை வகை, எந்தப் பாறையில் எந்த மாதத்தில் புகை போட வேண்டும், காட்டில் யானையின் பெயரைச் சொல்லாமல் யானையை எப்படிச் சொல்வது, இதெல்லாம் தொழில் நடக்கிறவரை வாயில் இருக்கும். தொழிலைப் பறித்த பிறகு ஒலிநாடாவோடு வந்து சொல்லுங்கள் சொல்லுங்கள் என்றால் கிழவர் எதைச் சொல்வார்? சுற்றுலாப் பயணிக்கு வில் வளைத்துக் காட்டுவார். அதில் பிழை இல்லை, அரிசி வாங்க வேண்டும். ஆனால் காட்டுவதற்கு வேண்டிய சொற்கள் மிகச் சில.

குடிசன மதிப்பீட்டிலும் இதே தேய்வு. 1911இல் ஐயாயிரத்துக்கு மேல் இருந்த வேடர், 1953இல் 803 பேர், 1963இல் 400 பேர். அத்தனை பேர் செத்துவிடவில்லை. எழுதுகிறவர் வேறு பத்தியில் எழுதினார், சொல்கிறவரும் வேறாகச் சொல்லப் பழகினார். 2012 கணக்கெடுப்பில் பரதருக்கும் இலங்கைச் செட்டிக்கும்கூடத் தனிப் பத்தி இருந்தது. வேடர் 'ஏனையோர்'.

பெரிய மொழிக்காரன் சின்ன மொழிக்காரனைப் பார்க்காமல் இருப்பது தீய எண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, பேஸ்புக்கில் சிங்களத்தில் வெறி ஓடிக்கொண்டிருந்தது. அதை வாசித்து நிறுத்த அந்த நிறுவனத்தில் சிங்களம் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கோடிக்கும் மேல் பேர் பேசும் சிங்களம், கலிபோர்னியாவிலிருந்து பார்த்தால் எத்துலோ. இதை நான் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை, எரிந்த கடைகளில் நான் சாமான் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு மொழியும் யாருக்கோ சின்னது, யாருக்கோ பெரியது என்பதைக் காட்டத்தான்.

அப்படியானால் தமிழ் யாருக்குப் பெரியது?

இந்த நாட்டில் நாம் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை. 1956 தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து நம் கணக்கு தொடங்கும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கிய பிறகும், தபாற் கந்தோரில் தமிழ்ப் படிவம் கேட்டு நிற்கும் கதைகளில் கணக்கு நீளும். எல்லாம் உண்மை, நானும் நின்றிருக்கிறேன். ஆனால் கிழக்குக் கரையில் வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர்ப் பக்கம் ஒரு சனம் இருக்கிறது. கரையோர வேடர் என்று ஆராய்ச்சிக்காரர் எழுதுவார்கள். அவர்கள் இப்போது பேசுவது தமிழ்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சிநேகிதரின் ஊருக்குப் போனபோது வாகரைப் பக்கம் ஒரு வயதான அம்மாவைப் பார்த்தேன். ஆசிரியத் திமிரோடு கேட்டேன்: "அம்மா, உங்கட பழைய பாஷையில ரெண்டு சொல் சொல்லுங்களேன்."

"எங்கட பாஷ இதுதானே மனே. தமிழ்தானே பேசுறன்."

"முந்தி வேற பேசினீங்கள் எண்டு சொல்றாங்களே?"

கொஞ்ச நேரம் வெற்றிலை இடித்தார். "சடங்கில தெய்வம் வந்தா வேற பேச்சு வரும். அது எங்களுக்கு விளங்காது. தெய்வத்துக்கு விளங்கும்."

செலிக்மன் தம்பதியே கரையோர வேடரிடம் கப்பற்பேய்ச் சடங்கைப் பதிந்திருக்கிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் வந்த ஆவிகளுக்கு எடுக்கும் சடங்கு. இன்றும் வேடர் வழிபாட்டுச் சடங்குகளில் குமார தெய்வமும் கப்பல் தெய்வமும் வருகிறார்கள், தமிழ் கலந்த ஆனால் தமிழல்லாத பாடல்களோடு. வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் விரட்டப்பட்ட ஒரு பேச்சு கடைசியாக ஆவிகளின் வாயில் போய் ஒளிந்துகொண்டது. அதை விரட்டியது சிங்களம் அல்ல. நம் தமிழ், நம் பள்ளிக்கூடம், 'வேடன்' என்ற சொல்லை நாம் உச்சரிக்கும் விதம். பிள்ளைகள் தம்மை வேடர் என்று சொல்லக் கூச்சப்படும்படி செய்தது நம் வகுப்பறை. தம்பானையில் சிங்களம் செய்ததை வாகரையில் நாம் செய்து முடித்தோம். அங்கே மிச்சமாவது இருக்கிறது.

இதில் வேடிக்கை, நாம் வேடர் வீட்டில் பெண்ணெடுத்தவர்கள். வேடன் மகள் வள்ளியை முருகனுக்குக் கட்டிவைத்து, வருடந்தோறும் கதிர்காமத்துக்கு நடக்கிறோம். தம்பானைக்காரர் வள்ளி எங்கள் பெண் என்கிறார்கள், நாமும் மறுப்பதில்லை. தினைப்புனத்தில் கிழவன் வேசத்தில் வந்து நின்றவனை அவள் எந்தப் பாஷையில் விரட்டியிருப்பாள்? நம் மேடை நாடகங்களிலெல்லாம் சுத்தத் தமிழில்தான் விரட்டுகிறாள். கல்யாணம் முடிந்ததோடு பெண் வீட்டுப் பேச்சு முடிந்தது.

மற்றவரைச் சொல்லிவிட்டு என்னை விட்டால் சரியில்லை. நான் படிப்பித்த காலத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'என் அம்மா' என்று கட்டுரை எழுதியது. 'அம்மா விடிய எழும்பிப் பெரட்டுக்குப் போவாங்க. கவ்வாத்து மலையில் கொந்தரப்பு முடிச்சிட்டு வருவாங்க.' நான் சிவப்பு மையால் பெரட்டை அடித்து 'வேலை' என்று எழுதினேன். கவ்வாத்தையும் கொந்தரப்பையும் வட்டமிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். எனக்குத் தெரியாத சொற்களா? என் தாய் நாற்பது வருடம் பெரட்டுக் களத்தில் நின்றவள். இருள் பிரியுமுன் கங்காணி பேர் கூப்பிட, எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடும் அந்த இடத்துக்கு 'வேலை' என்பது பெயரே அல்ல. தேயிலைச் செடியின் தலையை வெட்டி மறுபடி துளிர்க்க விடுவதை 'வெட்டுதல்' என்றால் எந்தத் தொழிலாளிக்கும் சிரிப்பு வரும். இருநூறு வருடத்து மலையின் சொற்கள் அவை. தமிழகத்திலிருந்து கொண்டுவந்ததும், வெள்ளைக்காரனிடம் பிடுங்கி வளைத்ததும், இங்கேயே முளைத்ததும். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்திராவிட்டால் நம்மிடம் இவ்வளவும் எழுத்தில் இருக்காது. நான் அந்தப் பாடல்களை மேடையில் புகழ்ந்துவிட்டு, வகுப்பில் வந்து அதே சொற்களை அடித்தேன்.

அந்தப் பிள்ளை அடுத்த கட்டுரையில் 'அம்மா பணிக்குச் செல்வார்' என்று எழுதியது. முழுப் புள்ளி கொடுத்தேன்.

இப்போது தோட்டங்களில் காடு ஏறுகிறது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தி தூக்க ஆள் இல்லாத மலையில் கவ்வாத்து என்ற சொல்லுக்கு என்ன வேலை? எங்கள் பேச்சு போன பிறகும் தமிழ் இருக்கும், கவலை வேண்டாம். அதைத்தான் எல்லோரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். வாகரை அம்மாவுக்கும் தமிழ் இருக்கிறது.

கதிரவெளியிலும் வெருகலிலும் மூதூரிலும் தமிழ் படிப்பிக்கும் இளம் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் சடங்கு எடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் கேட்டு, சடங்கில் வரும் சொற்களை ஒரு கொப்பியில் அந்தப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பொருள் தெரியாவிட்டால் பொருள் இல்லாமலே எழுதட்டும். எழுத்துக்கூட்டு பிழையாக வந்தாலும் வரட்டும். நீங்கள் திருத்த வேண்டாம்.